கையில் வரும் வாடிக்கை ஏடு

வாணிகம் செய்வார்க்கு வேண்டிய முதல் இருவகைப்படும். ஒன்று பணம், மற்றொன்று வாடிக்கை. பணத்தைக் கடனாகவும் பெறலாம். வாடிக்கையோ கடனாகக் கிடைப்பதன்று. நாளடைவில் சிறிது சிறிதாகத் தேடிச் சேர்ப்பது. இன்னார் இன்ன பொருளை விரும்புவர், இன்ன நாளில் வாங்குவர், இவ்வளவு பணம் தரவேண்டியவர், அவருக்கு இன்ன சொல் கொடுக்கப்பட்டுள்ளது என்னும் செய்திகளின் தொகுதியே வாடிக்கைக்கு அடிப்படையாகும். இச்செய்திகளை மறவாது காப்பவர் கடைக்கு மக்கள் மீண்டும் வருவர். மறப்பவர் கடையைக் கடந்து செல்வர். முற்காலத்தில் இவை வணிகரின் நெஞ்சில் இருந்தன. பின்னர் ஏட்டில் ஏறின. அதன்பின் கணிப்பொறியுள் புகுந்தன. இன்று கைபேசியிலும் கையடக்கக் கணினியிலும் வணிகருடன் கூடவே வருகின்றன. இம்மாற்றத்தால் விளையும் பயன் யாது, அதற்கு வேண்டும் காவல் யாது என்பவற்றைப் பழவேற்காட்டு ஏரிக்கரை வாணிகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அறியலாம்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் கூடும் எல்லையில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சிய தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. இருநீரும் கலக்கும் இவ்வேரியில் இறாலும், சேற்று நண்டும், மடவை போன்ற மீன்களும் கிடைக்கின்றன. ஏரிக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் எளாவூர் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையும், வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. ஆகவே ஏரியில் பிடிபடும் பொருளை நகருக்கு அனுப்ப வாய்ப்பான இடம் இதுவெனலாம்.

இவ்வேரியைச் சார்ந்த மீனவர்க்கு ஒழுங்கும் முறையும் புதியன அல்ல. 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று இங்குள்ள மீனவர் ஊர்களில் உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை உரிமையுடையோர் தம்முள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே எந்நாளும் உரியதாகாது. முறைப்படி பிறர்க்கும் வரும். யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருப்பதனால் பூசல் குறைகிறது. எல்லாரும் அறிந்த கணக்கு, எல்லாரையும் காக்கும் என்னும் உண்மையை ஏரிக்கரை மக்கள் நெடுங்காலமாகவே உணர்ந்திருந்தனர்.

எனினும், பிடிப்பதில் உள்ள இந்த ஒழுங்கை விற்பதில் காண்பது அரிது. மீன் நெல்லைப் போன்றதன்று. நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். மீனோ ஒரு நாளைக்குள் மதிப்பிழக்கும். பனிக்கட்டி அதன் ஆயுளைச் சற்றே நீட்டும், நிறுத்திவைக்காது. நண்டின் நிலை இன்னும் நுண்ணியது. கால்களைக் கட்டி, ஈரம் காயாமல், உயிருடன் அனுப்பினால்தான் அதற்கு நல்ல விலை உண்டு. பெரிய நண்டுக்கு ஒரு விலை, சிறியதற்கு ஒரு விலை, ஓடு கெட்டிப்படாததற்கு வேறொரு விலை. இத்தகைய பொருளை விற்பவர், 'யாருக்கு இன்று எது வேண்டும்?' என்னும் வினாவுக்கு விடையை அப்பொழுதே அறிந்திருத்தல் வேண்டும். மறுநாள் கிடைக்கும் விடையால் பயனில்லை.

எளாவூர்ப் பகுதியில் நண்டும் இறாலும் வாங்கி விற்கும் பெண்மணி ஒருவரைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம். அவர் விடியற்காலையில் கரைக்குச் சென்று மீனவரிடம் பொருளை வாங்குகிறார். அவருடைய தம்பி அதனைச் சென்னைக்குக் கொண்டுசென்று உணவு விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துவருகிறார். அக்காளின் வீட்டில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒரு விடுதிக்காரர் தம்பியிடம், "வெள்ளிக்கிழமை பெரிய நண்டாகப் பத்துக் கிலோ வேண்டும், சிறியது வேண்டா" என்று சொல்கிறார். தம்பி தலையசைத்துவிட்டு வருகிறார். வீடு வந்து சேர்வதற்குள் வேறு பத்துப் பேர் சொன்னவையும் அதனோடு கலந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை காலையில் கரையில் நிற்கும் அக்காளின் முன் பெரிய நண்டும் இருக்கிறது, சிறிய நண்டும் இருக்கிறது. எதனை வாங்குவது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏடோ வீட்டில் இருக்கிறது. சொல்லோ தம்பியின் நினைவில் இருக்கிறது. பொருளோ கரையில் இருக்கிறது. இம்மூன்றும் மூன்று இடங்களில் இருப்பதே நட்டத்துக்குக் காரணமாகும்.

இக்குறையைப் போக்கவே வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் தோன்றியது. வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வகுத்து, அவர் பெயர், முகவரி, வாங்கிய பொருள், கேட்ட பொருள், கொடுத்த பணம், நிலுவை, மறுமுறை அவரைக் காண வேண்டிய நாள் ஆகியவற்றை ஒழுங்குபட வைத்து, வேண்டியபோது நொடியில் எடுத்துக் காட்டுவதே இதன் தொழில். 1980களில் மேலைநாடுகளில் இத்தகைய மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் இவை அலுவலக மேசைமேலிருந்த கணிப்பொறியில் மட்டுமே இயங்கின. வெளியூர் சென்ற விற்பனையாளர் மீண்டுவந்து மேசைமுன் அமர்ந்து செய்திகளைப் பதிய வேண்டியிருந்தது. ஏட்டின் இடத்தைக் கணிப்பொறி பெற்றதே தவிர, ஏட்டுக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த தொலைவு குறையவில்லை.

அத்தொலைவைக் குறைத்தவை இரண்டு. முதலாவது, செய்திகளை ஓர் அலுவலகத்துக் கணிப்பொறியில் வையாமல், இணையத்தின் வழியே எங்கிருந்தும் அடையத்தக்க பொதுக் கணிப்பொறியில் வைக்கும் முறை. இதனை முதன்மையாகக் கொண்டு 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சேல்ஸ்போர்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1996 இல் அட்வெண்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009 இல் சோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2005 ஆம் ஆண்டிலேயே வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளை வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் அமைத்து மென்பொருட் பணியை நடத்துகிறது. 2010 இல் சென்னையில் தொடங்கப்பட்ட பிரெஷ்டெஸ்க், வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் மென்பொருளை உலகெங்கும் விற்று, பின்னர்ப் பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் பெற்றது. வாடிக்கையைப் பேணும் கருவியை உலகுக்குச் செய்து கொடுக்கும் இடங்களுள் ஒன்றாகச் சென்னை விளங்குதல் தமிழ் மாணவர்கள் அறிந்து மகிழத்தக்கது.

இரண்டாவது, கைபேசியின் வளர்ச்சி. இந்தியாவில் கைபேசியின் முதல் உரையாடல் 1995 ஆம் ஆண்டு சூலை 31 ஆம் நாள், கல்கத்தாவிலிருந்த மேற்கு வங்க முதலமைச்சர் சோதி பாசுவுக்கும் தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. அப்போது கைபேசி பேசுவதற்கு மட்டுமே உதவியது. 2007 இல் ஐபோனும், 2008 இல் ஆண்ட்ராய்டு இயங்கும் முதற் கைபேசியும், 2010 இல் ஐபேடு என்னும் கையடக்கக் கணினியும் விற்பனைக்கு வந்தன. திரையைத் தொட்டே எழுதவும் படிக்கவும் படம் எடுக்கவும் இவற்றால் இயன்றது. அன்றுவரை மேசையில் கட்டுண்டு கிடந்த வாடிக்கை ஏடு, அதன்பின் சட்டைப்பையில் இடம்பெற்றது.

கைபேசியில் இம்மென்பொருளை அடையும் வழிகள் இரண்டு. இணைய உலாவியில் நிறுவனத்தின் முகவரியைத் தட்டி உள்நுழைவது ஒரு வழி. இதற்குக் கைபேசியில் எதனையும் புதிதாக ஏற்ற வேண்டுவதில்லை. ஆனால் இணையத் தொடர்பு இடையறாது இருத்தல் வேண்டும். செயலி என்னும் சிறு மென்பொருளைக் கைபேசியில் ஏற்றிக்கொள்வது மற்றொரு வழி. செயலி, தொலைவிலுள்ள பொதுக் கணிப்பொறியில் இருக்கும் செய்திகளுள் வேண்டியவற்றின் படியொன்றைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ள வல்லது. கரையில் நிற்கும் அக்காள் ஒரு செய்தியைப் பதிந்தால், அது முதலில் பொதுக் கணிப்பொறியை அடைந்து, அங்கிருந்து சென்னையில் இருக்கும் தம்பியின் கைபேசிக்கும் வந்து சேர்கிறது. இருவர் கையிலும் இருப்பது ஒரே ஏட்டின் ஒரே பக்கமே. விடுதிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி, "பெரிய நண்டு, பத்துக் கிலோ, வெள்ளி" என்று பதிந்துவிட்டால், அச்சொல் அடுத்த கணமே கரையை எட்டிவிடும். சொல் பிறக்கும் இடத்திலேயே எழுத்தும் பிறப்பதுதான் கைபேசி ஏட்டின் தலையாய சிறப்பு.

ஏரியிலும் அதன் கரையிலும் சிக்னல் என்று மக்கள் வழங்கும் அலைத்தொடர்பு எவ்விடத்தும் சீராக இருக்குமெனக் கூற இயலாது. அத்தகைய இடங்களில், தொடர்பற்ற வேளையிலும் இயங்கும் வசதி கொண்ட செயலியே பயன்படும். அதில் எழுதியது கைபேசியிலேயே தங்கியிருந்து, தொடர்பு மீண்டவுடன் பொதுக் கணிப்பொறிக்குச் செல்லும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தொடர்பில்லாத நேரத்தில் இருவர் ஒரே பக்கத்தை வேறுவேறாகத் திருத்தினால், எது மெய் என்று பொறி தானே அறியாது. பிந்தி வந்ததை அது ஏற்கக்கூடும். அல்லது இரண்டையும் காட்டி, எது சரியென வினவக்கூடும். ஆதலால் இன்ன செய்தியை இன்னார் பதிவது என்று முன்னரே வகுத்துக்கொள்ளுதல் நலம். விலையை அக்காளும், கேட்கப்பட்ட அளவைத் தம்பியும் பதிவதென வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது. பாடு முறையில் இடத்தை வகுத்துக்கொண்டவர்க்கு, ஏட்டிலும் பொறுப்பை வகுத்துக்கொள்வது அரிதாகாது.

கைபேசிக்கும் கையடக்கக் கணினிக்கும் பயனில் வேறுபாடு உண்டு. கைபேசியின் திரை சிறியது. நடந்துகொண்டும் நின்றுகொண்டும் ஒரு பெயரைத் தேடவும், ஓர் எண்ணைக் குறிக்கவும், பொருளைப் படமெடுத்து அனுப்பவும் அது ஏற்றது. ஒரு மாதக் கணக்கை ஒருசேரக் காணவும், பல பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் அகன்ற திரையுடைய கையடக்கக் கணினியே ஏற்றது. பெரிய மேசைக் கணிப்பொறியில் தோன்றும் முப்பது கட்டங்களையும் கைபேசித் திரையில் அடைத்தால் அது சுமையாகும். நல்ல செயலி, அவ்வேளையில் வேண்டிய நான்கைந்து செய்திகளை மட்டும் பெரிய எழுத்தில் முன்வைக்கும். ஈரக்கையோடு நிற்பவர்க்கும், வெயிலில் திரையைப் பார்ப்பவர்க்கும், ஆங்கிலம் அறியாதவர்க்கும் எளிதாக அமைவதே செயலியின் செம்மைக்கு அளவுகோல். தமிழிலேயே எழுதவும், பேசினால் எழுத்தாக்கவும் இக்காலக் கைபேசிகள் வல்லன என்பதனால், எழுதப் பழகாதவரும் தம் கணக்கைத் தாமே பதிய வழி பிறந்துள்ளது.

உரிய நேரத்தில் உரிய இடத்தில் செய்தி கிடைப்பதால் விளையும் பயனுக்குக் கேரளக் கடற்கரையில் சான்று உண்டு. ராபர்ட் சென்சன் என்னும் பொருளியல் அறிஞர் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மத்தி மீன் சந்தைகளை 1996 முதல் 2001 வரை ஆராய்ந்து, 2007 இல் முடிவுகளை வெளியிட்டார். அக்காலத்தில்தான் அங்குக் கைபேசி படிப்படியாகப் பரவியது. அதற்கு முன், மீனவர் தம் ஊர்ச் சந்தைக்கே மீனைக் கொண்டுசெல்வர். அங்கே மிகுதியாயின் கொட்டிவிடுவர். 1997 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் வடகரைக் கடற்கரையில் மீனவர் 11 பேர் வாங்குவாரின்றித் தம் மீனை எறிந்தனர். அதே நாளில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் இருந்தனர். கைபேசி வந்தபின், கடலிலிருந்தே சந்தைகளை வினவி, தேவையுள்ள கரைக்குப் படகைச் செலுத்த மீனவரால் இயன்றது. மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருதிறத்தார்க்கும் ஒருங்கே நன்மை விளைந்தது இங்கு நோக்கத்தக்கது.

அந்த மீனவர் பயன்படுத்தியது குரல் ஒன்றே, மென்பொருள் அன்று. பேச்சு அந்நாளைய தேவையைத் தெரிவித்தது. மென்பொருளோ அந்நாளைய தேவையோடு, கடந்த நாட்களின் கணக்கையும், வரும் நாட்களின் சொல்லையும் சேர்த்து வைக்கிறது. இதனால் தோன்றும் மற்றொரு பயன் கடன் பற்றியது. கடற்கரை ஊர்களிலும் ஏரிக்கரை ஊர்களிலும் வலைக்கும் படகுக்கும் வணிகரிடம் முன்பணம் பெறும் மீனவர் பலர். பெற்றவர் தம் மீனை அவ்வணிகருக்கே விற்கும் கட்டுப்பாடு உண்டு. கொடுத்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பது வணிகரின் ஏட்டில் மட்டும் இருந்தால், மீனவர் அவ்வேட்டை நம்பியே வாழ வேண்டியவராகிறார். ஏட்டை வைத்திருப்பவர் கையே ஓங்கும். அக்கணக்கே இருவர் கைபேசியிலும் ஒருபடித்தாகத் தோன்றுமாயின், அன்றன்று கழிந்த தொகையை இருவரும் அன்றன்றே காண்பர். ஐயம் எழுந்தால் அன்றே கேட்பர். மென்பொருள் கடனை அடைத்துவிடாது. ஆனால் கடனின் அளவை மறைக்கவொட்டாமல் செய்யும். எனினும், அவ்வாறு இருவரும் காணும்படி திறந்துவைப்பது பொறியின் செயலன்று; அதனை உடையவரின் நேர்மையைப் பொறுத்தது.

நன்மை பெரிதாயின் காவலும் பெரிதாக வேண்டும். வீட்டுப் பெட்டியிலிருந்த ஏடு காணாமற்போவது அரிது. கையோடு சுற்றும் கைபேசி பேருந்திலும் சந்தையிலும் தவறிவிடக்கூடும். செய்திகள் பொதுக் கணிப்பொறியில் இருப்பதனால் கைபேசி தவறினும் ஏடு அழிவதில்லை. வேறொரு கைபேசியில் உள்நுழைந்து மீண்டும் காணலாம். ஆனால் கண்டெடுத்தவர் கையில் நூற்றுக்கணக்கானோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும் சிக்கும் தீமை உண்டு. ஆதலால் கைபேசிக்குப் பூட்டும், மென்பொருளுக்குத் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். உள்நுழையும்போது ஒருமுறை மட்டும் பயன்படும் இரண்டாவது கடவுச்சொல்லைக் கேட்கும் முறை மேலும் நல்லது. அதனை எவர் கேட்பினும் சொல்லலாகாது. கைபேசி தவறினால் அதற்குரிய அனுமதியை உடனே நீக்க வேண்டும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் தம் பணிக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் காணும் உரிமை அளிக்க வேண்டும். வேலையை விட்டு நீங்கியவரின் உரிமையை அன்றே நிறுத்த வேண்டும்.

பிறர் செய்தியைக் காப்பது நாகரிகம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். தனிமனிதர் பற்றிய மின்னணுச் செய்திகளைப் பாதுகாப்பதற்காக இந்திய நாடாளுமன்றம் 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. ஒருவர் நண்டு வாங்குவதற்காகத் தந்த தொலைபேசி எண்ணை, அவர் இசைவின்றி வேறொருவருக்கு விற்பது முறையன்று என்னும் கருத்து அதன் அடிப்படையில் அடங்கியுள்ளது. வாங்குபவர் தம் பெயரையும் எண்ணையும் தருவது நம்பிக்கையால். அந்த எண்ணும் அவர் ஒப்படைத்த ஒரு பொருளே எனக் கருதிக் காத்தல் வணிகர் கடமை.

இன்னும் ஓர் உண்மை உண்டு. பதியாததை எப்பொறியும் காட்டாது. பொய்யாகப் பதிந்ததை மெய்யாகவும் மாற்றாது. தம்பி சோம்பலால் பதியாமல் விட்ட பத்துக் கிலோ நண்டு, எவ்வளவு விலையுயர்ந்த கைபேசியிலும் தோன்றப்போவதில்லை. பெரிய நண்டு இல்லாத நாளில், 'உண்டு' என்று பதிந்து அனுப்பினால், அப்பொய் முன்னைக்காட்டிலும் விரைவாகப் பரவும். விரைவு என்பது நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. ஆகவே, கேட்டவுடன் பதிதல், உள்ளதை உள்ளவாறே பதிதல், பதிந்ததை உரியவர் காணச் செய்தல், உரியரல்லாதார் காணாது காத்தல் என்னும் நான்கும் இவ்வேட்டைக் கையாள்வார்க்கு இன்றியமையாத ஒழுக்கங்களாகும்.

எளாவூர்க் கரையில் விடியற்காலையில் நண்டு வாங்கும் ஒருவரும், உலகின் பெருநகரில் விமான உதிரிப்பொருள் விற்கும் ஒருவரும் இன்று ஒரே வகைக் கருவியைக் கையில் ஏந்த முடிகிறது. முன்பு பெருநிறுவனத்தார்க்கே உரியதாயிருந்த நினைவாற்றல், சிறுவணிகர்க்கும் கிடைத்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் மீண்டும் வருவது கருவியை நாடியன்று. கொடுத்த சொல் தவறாமையை நாடியே. சொல்லை நினைவூட்டுவது கைபேசியின் வேலை. அதனை நிறைவேற்றுவது மனிதனின் வேலை.